ஷெல் இல்லாத கன்டெய்னரை எப்படி டீபக் செய்வது: எஃபெமரலா, நகல் பாடா, நோடா?

டிஸ்ட்ரோலெஸ் இமேஜில் (ஆப்பும் அதற்குத் தேவையானவையும் மட்டுமே உள்ள இமேஜ்) ஓடும் கன்டெய்னருக்குள் ஷெல்லைத் திறக்க எக்ஸெக் கொடுத்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வரும். ஷெல், புராசஸ்களைக் காட்டும் பிஎஸ், கர்ல் எதுவும் உள்ளே கிடையாது; அதற்காகத்தானே அந்த இமேஜையே எடுத்தோம். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. கன்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கிறதா, விழுந்து விழுந்து எழுகிறதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்தால் எஃபெமரல் கன்டெய்னர்தான் (ஓடும் பாடில் தற்காலிகமாகச் சேர்க்கும் கன்டெய்னர்; பாட் என்பது சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு) முதல் தேர்வு. 1.25 பதிப்பிலிருந்து இது நிலையான வசதி. கியூப்சிடிஎல் டீபக் கட்டளையில் பாடின் பெயரையும் ஷெல்லும் அடிப்படைக் கருவிகளும் உள்ள பிஸிபாக்ஸ் இமேஜையும் கொடுத்து, டார்கெட் ஆப்ஷனில் ஆப் கன்டெய்னரின் பெயரைப் போடுங்கள். பாட் ரீஸ்டார்ட் ஆகாது. சிக்கிக்கிடக்கும் புராசஸ் இருந்த நிலையிலேயே கிடைக்கும். டார்கெட்டை மறந்தால் பிஎஸ்ஸில் உங்கள் ஷெல் மட்டுமே தெரியும். நெட்வொர்க் கோளாறுக்கு மட்டும் டார்கெட் தேவையில்லை, பாடில் உள்ள எல்லாக் கன்டெய்னர்களுக்கும் நெட்வொர்க் ஒன்றே.

ஆப்பின் கோப்புகள் /ப்ராக்/1/ரூட் என்ற பாதையில் இருக்கும். பலரும் திணறுவது இங்கேதான்: ரூட்டாக இருந்தும் பெர்மிஷன் டினைட் வரும். டிஸ்ட்ரோலெஸின் நான்ரூட் இமேஜ் 65532 என்ற யூசரில் ஓடுகிறது, நீங்களோ 0. யூசர் வேறுபட்டால் கர்னல், மற்றொரு புராசஸை ஆராய விடும் சிஸ்_பிட்ரேஸ் உரிமையைக் கேட்கும். டீபக் கட்டளையின் புரொஃபைல் ஆப்ஷனை ஜெனரல் என்று கொடுத்தால் அந்த உரிமை சேர்ந்துவிடும். ரெஸ்ட்ரிக்டட் என்ற கடுமையான பாதுகாப்புப் பாலிசி உள்ள குபெர்னெட்டிஸ் நேம்ஸ்பேஸில் அதை அனுமதிக்க மாட்டார்கள். அங்கே ரெஸ்ட்ரிக்டட் புரொஃபைலோடு, கஸ்டம் ஆப்ஷனில் ரன்ஆஸ்யூசர், ரன்ஆஸ்குரூப் இரண்டும் 65532 என்று எழுதிய கோப்பைக் கொடுங்கள். இரு பக்கமும் ஒரே யூசரும் ஒரே குரூப்பும் ஆகிவிட்டால் வழி திறக்கும்.

ஒரு குறை: சேர்த்த எஃபெமரல் கன்டெய்னரை நீக்க முடியாது, பாட் அழியும்வரை அதன் விவரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கன்டெய்னர் விழுந்து விழுந்து எழும் கிராஷ்லூப்பில் இது உதவாது. ஆப்பின் முதல் புராசஸான பிஐடி 1 செத்தவுடன், அதே புராசஸ் நேம்ஸ்பேஸில் இருக்கும் உங்கள் ஷெல்லையும் கர்னல் கொன்றுவிடும். அப்போது காப்பி-டு ஆப்ஷனில் நகல் பாட் எடுங்கள். கன்டெய்னர் ஆப்ஷனில் ஆப்பின் பெயர், இமேஜ் ஆப்ஷனில் டிஸ்ட்ரோலெஸின் ஷெல் உள்ள டீபக் டேக் மேல் கட்டிய உங்கள் இமேஜ், கட்டளையாக /பிஸிபாக்ஸ்/எஸ்எச். லேபிள்கள் நகலுக்கு வராததால் சர்வீஸ் அதற்கு டிராஃபிக் அனுப்பாது. ஆனால் உள்ளே போய் ஆப்பை ஓட்டினால், அது அதே கியூவிலிருந்து எடுக்கும், அதே டேட்டாபேஸில் எழுதும். மெமரி லீக் மாதிரி, நாள்கணக்கில் ஓடி வளரும் கோளாறுகளை நகலில் தேடிப் பயனில்லை.

பாட் ஓடும் இயந்திரமான நோட் வழி கடைசிக் கை. நோட் டீபக்கை சிஸ்அட்மின் புரொஃபைலில் திறந்து, நோடின் கோப்புகள் உள்ள /ஹோஸ்டுக்கு சிரூட் செய்து, கிரைசிடிஎல் இன்ஸ்பெக்டில் ஆப் கன்டெய்னரின் பிஐடியை எடுத்து, அதன் நேம்ஸ்பேஸில் நுழைய என்எஸ்என்டர் கொடுக்கலாம். நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் மட்டும் நுழையுங்கள். கோப்புகளுக்கான மவுண்ட் நேம்ஸ்பேஸுக்குள்ளும் நுழைந்தால் நோடின் கருவிகள் மறைந்து, மறுபடி ஷெல் இல்லாத இடத்தில் நிற்பீர்கள். முடித்து வெளியே வந்தாலும் நோட்-டீபக்கர் என்று தொடங்கும் பாட் தானாகப் போகாது. நோடில் முழு உரிமை கொண்ட பிரிவிலெஜ்டு பாட் அது, கையோடு டெலீட் செய்துவிடுங்கள்.