பாறையா, தரையா? உயிரியல் பூங்காக் கூண்டு மேம்பாட்டுப் பொருட்கள்: ஒரு மதிப்பீடு

கூண்டைப் புதுப்பிக்க ஒரு பூங்காவுக்குப் பணம் கிடைத்துவிட்டால், மேசைக்கு முதலில் வருவது செயற்கைப் பாறையின் வண்ணப் படம்தான். அருவி, குகை, பாசி படர்ந்த மாதிரிப் பூச்சு என்று பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதே பட்டியலை விலங்கின் பக்கம் நின்று பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடும். பூங்கா 8 மணி நேரம் திறந்திருக்கிறது என்றால், மீதி 16 மணி நேரத்தைப் பல விலங்குகள் பின்புறக் கொட்டிலில்தான் கழிக்கின்றன. அந்தக் கொட்டிலின் படத்தை எந்த நிறுவனமும் கொண்டுவந்து காட்டுவதில்லை.

செயற்கைப் பாறை என்பது கம்பிச் சட்டத்தின் மேல் கான்கிரீட்டை அழுத்தத்தில் பீய்ச்சி, ஈரம் காயும் முன் செதுக்கி, வண்ணம் பூசுவது. 1907-ல் கார்ல் ஹாகன்பெக் ஹாம்பர்க் அருகே கம்பியில்லாத திடல்களைத் திறந்த காலம் தொட்டு இது கூட்டத்தை இழுத்துவருகிறது. கெடுவது எப்போதும் ஒரே விதமாகத்தான். கம்பிக்கு மேல் கான்கிரீட் மெலிந்த இடத்தில் ஈரம் இறங்கும், துரு பருத்து மேல்தோலைப் பெயர்த்துத் தள்ளும், வெளியே நீட்டிய முனை பாதத்தைக் கிழிக்கும். அடர் நிறம் பூசிய பாறை நண்பகலில் தோசைக்கல்தான். செங்குத்தாகச் செதுக்கிய முகப்பில் விலங்கு ஏறவும் முடியாது, படுக்கவும் முடியாது. செலவு முழுவதும் பார்வையாளர் கண்ணுக்கு. வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்க வேண்டும்: உடல் நீட்டிப் படுக்க அகலமான நிழல் தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கும் ஏற இரண்டு வழி, காப்பாளர் வெளியிலிருந்தே இரை வைக்கக்கூடிய பொந்துகள், கண்ணாடிக்கு அருகில் குளிர்நாளில் சூடேற்றக்கூடிய ஒரு பலகை. கடைசியாகச் சொன்னது விலங்குக்கும் பார்வையாளருக்கும் ஒருசேரப் பயன்படும். மதிப்பெண் 5-க்கு 2.

பாறைக்காக வாதாடுவோர் சொல்வதையும் ஒதுக்க முடியாது. நன்கொடை தருபவர் தன் பெயரைப் பொறிக்க ஓர் இடம் கேட்பார். வடிகாலில் பெயர் பொறிக்க யாரும் முன்வருவதில்லை. டிக்கெட் வருமானம்தான் அடுத்த ஆண்டுத் தீவனச் செலவுக்கும் வழி. இந்த வாதம் பாறையை விட, பார்வையாளர் விலங்கைப் பார்க்கும் கண்ணாடிச் சுவருக்கே நன்றாகப் பொருந்தும்.

கண்ணாடியில் லேமினேட் செய்த வகையை, அதாவது தகடுகளுக்கு இடையே படலம் வைத்து ஒட்டியதைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். வெறுமனே பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி உடைந்தால் மொத்தமாகக் கொட்டிவிடும். லேமினேட் செய்தது விரிசல் விட்டாலும் இடையிலுள்ள படலம் பிடித்துக்கொள்ளும். பாலிகார்பனேட் தகடு மலிவு, ஆனால் நகக் கீறலில் சீக்கிரம் மங்கும், வெயிலில் மஞ்சளாகும். பார்க்கும் பக்கத்துக்குக் கூரை போட்டு இருட்டாக்கி, கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் பிரதிபலிப்புத் தொல்லை பெருமளவு தீரும். பறவைக் கூண்டாக இருந்தால் முதல் சில வாரங்கள் கண்ணாடி மேல் சுண்ணாம்போ சோப்போ பூசி வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் மோதிச் சாகும். நாலா பக்கமும் கண்ணாடி வைப்பதுதான் மிகப் பெரிய பிழை. ஆள் எவ்வளவு நெருங்கினால் ஒரு விலங்கு விலகி ஓடும் என்பதைப் பற்றி சுவிஸ் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பின்வாங்க இடமில்லாத கூண்டில் அந்தத் தூரம் கிடைக்கவே கிடைக்காது. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி, எதிர்ப்பக்கம் புதரும் உயரமும் என்றால் 5-க்கு 3.5.

இனி தரை. இதைவிடப் பயன் தரும் செலவு பட்டியலில் வேறில்லை. கான்கிரீட் தரையில் காலம் கழிக்கும் யானைக்குப் பாத வெடிப்பு, நகப் பிளவு, மூட்டு நோய் வரிசையாக வரும். பூநாரைக்கும் பெங்குவினுக்கும் பாதத்தின் அடியில் புண் வரும். யானைக் கொட்டிலுக்கு ஆழமான மணல் தரை முதல் தரமான தீர்வு. மணலில் யானை படுத்து ஓய்வது கூடுகிறது. குவித்து வைத்த மேட்டில் சாய்ந்து படுக்கும் கிழ யானை எளிதாக எழுந்துவிடும்.

ஆனால் லாரியில் மணலைக் கொண்டுவந்து கொட்டுவது தரை போடுவதாகாது. அடியில் துளையிட்ட வடிகுழாய், அதன் மேல் ஜல்லி, ஜல்லிக்கு மேல் வடிகட்டித் துணி, பிறகுதான் கழுவிய மணல். துணியை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி வடிகாலை அடைத்துவிடும். சிறுநீர் தேங்கி அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும். கழுவாத மணலில் தூசி, ஒரே அளவு உருண்டை மணலில் கால் புதையும். மணல் 1 மீட்டர் ஆழம் இருந்தால், சிறிய தோண்டி இயந்திரத்தால் கிளறும்போது அடியில் உள்ள 30 சென்டிமீட்டரைத் தொடக்கூடாது. தொட்டால் துணி கிழியும். இயந்திரம் நுழையும் அளவுக்குக் கதவு அகலமா என்று வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். தீவனத்தைத் தரையில் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய் வலியை உண்டாக்கும். அதனால் உயரத்தில் தொங்கும் வலைக்கும் அதைத் தூக்கும் கப்பிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் 5-க்கு 5.

குரங்கினங்களுக்கு மரப்பட்டைச் சில்லு, 30 சென்டிமீட்டராவது. தானியத்தைத் தூவிவிட்டால் நாள் முழுவதும் கிளறித் தேடும். 8 குரங்கினங்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 1982-ல் வெளிவந்தது. சில்லு போட்ட பிறகு அவை தரையில் செலவிட்ட நேரம் கூடியது, சண்டை குறைந்தது, பழகிய சில்லு பாக்டீரியாவை அடக்கவும் செய்தது. ஆகவே தினமும் வாரிக் கொட்டத் தேவையில்லை. அழுக்கான இடத்தை மட்டும் எடுத்தால் போதும். இதைக் கெடுப்பது ஒழுகும் குடிநீர்க் குமிழ். சில்லு நனைந்தால் பூஞ்சை வரும். குமிழை வடிகாலுக்கு நேர் மேலே, சில்லு இல்லாத மூலையில் பொருத்த வேண்டும். பெங்குவினுக்கு மட்டும் இந்தத் தரை ஆகாது, பூஞ்சை அதன் நுரையீரலைத் தாக்கிக் கொன்றுவிடும்.

தரைக்கு அடுத்தது கதவு. கேட்பவர்களுக்குச் சலிப்பூட்டும் தலைப்பு, ஆனால் இரவில் திடலுக்கும் கொட்டிலுக்கும் விலங்கு தன் விருப்பப்படி போய்வர வழி தருவது இதுதான். திடலின் பரப்பைக் கூட்டாமலே கூட்டிய பலன். மேலிருந்து விழும் கதவில் கம்பிவடம் அறுந்தால் வாலோ காலோ போகும். பக்கவாட்டில் நகரும் கதவு அதைவிட நல்லது. அதிலும் கீழே தண்டவாளம் வைத்தால் மணலும் சாணமும் அடைத்துப் பாதியில் நின்றுவிடும். மேலே தொங்கவிட்டு, கீழே வழிகாட்டிக் குமிழ் மட்டும் போதும். இயக்கும் ஆள் நிற்கும் இடத்திலிருந்து கதவின் முழுப் பாதையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பூட்டு விழ வேண்டும். மின்சாரமோ எண்ணெய் அழுத்தமோ நின்றால் கையால் இயக்க வழி வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் குறைந்தது இரண்டு வாசல். ஒன்றுதான் என்றால் கூட்டத்தின் பலசாலி அதை மறித்து உட்கார்ந்துகொள்ளும், மற்றவை பட்டினி கிடக்கும். ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில் இரண்டாம் வாசல் உடைப்பது எரிச்சலான வேலைதான், ஆனாலும் 5-க்கு 4.5.

விளையாட்டுப் பொருட்கள், இரை தேடவைக்கும் கருவிகள்: தனித்தனியே விலை குறைவு, ஆனால் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் வைத்தால் வேகமாக அலுத்துப்போகும். பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னித் தொட்டில் கட்டலாம். இழை பிரியத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும், விழுங்கினால் குடலில் சிக்கும். பொருட்களில் உள்ள துளைகள் தலையும் பாதமும் நுழையவே முடியாத அளவு சிறிதாகவோ, நுழைந்து தாராளமாக வெளியே வரும் அளவு பெரிதாகவோ இருக்க வேண்டும்; இடைப்பட்ட அளவுதான் ஆபத்து. எஸ் வடிவக் கொக்கி வேண்டாம், ஸ்பேனரால் இறுக்கும் இணைப்பு போதும். சங்கிலியைக் குழாய்க்குள் செலுத்திவிட்டால் கழுத்தில் சுற்றாது. முக்கியமாக, கூரையிலும் சுவரிலும் வளையங்களைக் கட்டும்போதே பதித்துவிட வேண்டும். விலங்கு குடியேறிய பின் வெல்டிங் செய்வது பல மடங்கு செலவு.

பார்வையாளர் தலைக்கு மேல் செல்லும் வலைக் குகைப்பாதை அமெரிக்காவின் பிலடெல்ஃபியா பூங்காவில் 2011-ல் குரங்குகளோடு தொடங்கிப் புகழ்பெற்றது. பக்கத்துக் கூண்டுகளோடு இணைத்து மாற்றி மாற்றித் திறந்தால் நல்ல செலவு. எதிரெதிரே வரும் இரண்டு விலங்குகள் விலக இடமும், கீழே சிறுநீர் சொட்டாமல் தட்டும் மறக்காமல் கேட்க வேண்டும். கடலோரத்திலும் குளோரின் நீர் அருகிலும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு போதாது, அரிப்பை அதைவிட நன்றாகத் தாங்கும் 316 வகை வேண்டும். கிளிகளுக்குத் துத்தநாகம் பூசிய வலை கூடவே கூடாது, கொறித்து நஞ்சேறும்.

குளத்தில் முதலில் கேட்க வேண்டியது ஃபில்டரை யார், எப்படிக் கழுவுவார்கள் என்பது. நீர்யானைக் குளத்தின் சாணத்தை மணல் ஃபில்டர் மட்டும் தாங்காது. முன்னால் திடக்கழிவைப் பிடிக்கும் சுழல் வடிகட்டி வேண்டும். கடல் சிங்கத்துக்கு உப்பு குறைந்த நீரும் நிழலின்மையும் சேர்ந்தால் கண் கெடும். கரை நிழலுக்கு ஆகும் பணம் பம்ப்புக்கு ஆவதில் சிறு பங்குதான்.

ஊர்வனவற்றுக்கான புற ஊதா விளக்கில் ஏமாறுவது எளிது. எலும்பு உறுதிப்பட அவற்றுக்குத் தேவையான கதிர் ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரை. அது சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது, வலை மூடியும் ஒரு பங்கைத் தடுத்துவிடும். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும்போதும் கதிர் குறைந்திருக்கலாம். ஆகவே விளக்கோடு கதிர் அளக்கும் மீட்டரும் வாங்கி, விலங்கின் முதுகு இருக்கும் உயரத்தில் அளந்து, அளவு விழுந்ததும் மாற்ற வேண்டும். மாற்று விளக்குகளுக்கான பணத்தை முதல் ஆண்டுக் கணக்கில் மட்டும் எழுதி வைத்தால் இரண்டாம் ஆண்டில் ஓணானுக்கு எலும்பு வளையும்.