1662 ஜெபப் புத்தகமா, காமன் வொர்ஷிப்பா?

இங்கிலாந்துக்குக் குடிபோகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். பல ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோவில்களில் ஞாயிறு காலை 8 மணி ஆராதனை 1662 ஜெபப் புத்தகத்தின் பழைய முறை, 10 மணி ஆராதனை காமன் வொர்ஷிப் என்ற புதிய முறை. எதற்குப் போவது?

விசுவாசம்: இரண்டிலும் அதே வேதாகமம், அதே நிசேயா விசுவாசப் பிரமாணம், ஞானஸ்நானம், திருவிருந்து. இதில் வித்தியாசம் தேட வேண்டாம்.

வேர்: 1662 புத்தகம் 1549-இல் கேன்டர்பரி பேராயர் கிரான்மர் தொகுத்ததன் வழியில் வந்தது, இன்றும் சட்டப்படி செல்லும். காமன் வொர்ஷிப் 2000-இல் வந்தது.

ஒழுங்கு: பழையதில் திருவிருந்தின் தொடக்கத்திலேயே பத்துக் கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் சபையார் இரக்கம் கேட்டு மறுமொழி சொல்வார்கள். "உன்னதத்தில் தேவனுக்கு மகிமை" என்ற துதி கடைசியில்தான் வரும். புதியதில் அது ஆரம்பத்திலேயே. எனக்கென்னவோ, திருவிருந்து வாங்கிய பிறகு அதைச் சொல்வதுதான் நிறைவாக இருக்கிறது.

வசதி: 1662 சங்கீதங்கள் உட்பட ஒரே புத்தகம். காமன் வொர்ஷிப் பல தொகுதிகள்.

பிள்ளைகளோடு போகிறீர்களா, பழைய ஆங்கிலம் தடுமாற்றுகிறதா? காமன் வொர்ஷிப். அமைதியான, சுருக்கமான ஆராதனை வேண்டுமா? சரி, 1662. கதீட்ரல்களில் பாடகர் குழுவோடு நடக்கும் மாலை ஆராதனையும் பெரும்பாலும் 1662 முறைதான்; முதலில் அதற்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.