குட்டி யானையா, கேம்பரா? ஜெனரேட்டர் இழுத்த பதினோரு வருட அனுபவம்

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். வீடு அல்சூர் மார்க்கெட் பக்கம். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் மச்சானோடு சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறோம். கல்யாணம், ஆடி மாதக் கூழ் ஊற்றுதல், சோமேஸ்வரர் கோயில் பல்லக்கு என்று வருடம் முழுக்க ஏதாவது இருக்கும். அதனால் ஒரே வண்டி என்னை வேலைக்கும் கொண்டுபோக வேண்டும், ஜெனரேட்டரையும் இழுக்க வேண்டும். சின்ன டீசல் பிக்கப் போதுமா, பெரியதே வாங்கலாமா என்று தொழிலுக்கு வரும் பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன், அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

2014-ல் வாங்கியது டாடா ஏஸ், நம் ஆட்கள் வாயில் குட்டி யானை. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். 750 கிலோ ஏற்றலாம். அப்போது எங்களிடம் இருந்தது 7.5 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றுதான். அதைப் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டினால் வேலை முடிந்தது. 4.3 மீட்டர் ஆரத்துக்குள் திரும்பிவிடும் வண்டி என்பதால், அல்சூர் சந்துகளில் ஆட்டோ போகிற இடமெல்லாம் போனது. வேலைக்குப் போகும்போதும் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது. ஏழு வருடத்தில் 1,10,000 கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த வண்டி மேல் எனக்குத் துளி மனக்குறை கிடையாது.

தப்பு செய்தது நான். 2019-ல் 20 கேவிஏ சைலண்ட் ஜெனரேட்டர் வாங்கி இரண்டு சக்கர டிரெய்லரில் பொருத்தினோம். டிரெய்லரோடு சேர்த்து எடைமேடையில் 1,150 கிலோ வந்தது. குட்டி யானையின் மொத்த எடை வரம்பே 1,550 கிலோ. அதில் 750 பாரத்துக்குப் போனால் வண்டியின் சொந்த எடை சுமார் 800 கிலோதான். அதாவது இழுக்கிற வண்டியை விட இழுபடுவது கனம். இந்தக் கழித்தல் கணக்கை அன்றைக்கு நான் போடவே இல்லை. வெல்டிங் கடையில் கொக்கி அடித்துக்கொண்டு, ஓமலூர் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டேன்.

கிருஷ்ணகிரி வரை நன்றாகத்தான் வந்தது. மெதுவாக வந்தாலும் இழுத்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போதுதான் புரிந்தது. இரண்டாவது கியரில் போட்டும் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுகிறது. பிரேக்கை மிதிக்க மிதிக்க மிதி கீழே போகிறது, பிரேக் லைனர் கருகும் வாடை கேபினுக்குள் வருகிறது. லேசான வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒருபக்கமாக நகர்வதை இடுப்பில் உணர்ந்தேன். எப்படியோ ஓரம் கட்டினேன். பிரேக் டிரம் ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மச்சான் ஊர் போய்ச் சேரும் வரை வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்ததும் ஜே.சி. ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "இழுக்க எந்த வண்டியும் இழுக்கும் தம்பி, நிறுத்தச் சொல்லு பார்க்கலாம்" என்றார். வண்டி தேடும்போதெல்லாம் அந்த வார்த்தை என் கூடவே வந்தது. எல்லோரும் குதிரைத்திறனைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்டது வண்டியின் காலி எடை, அப்புறம் பிரேக், கடைசியாகத்தான் இன்ஜின்.

2021-ல் பார்த்த வண்டிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், 1,300 கிலோ ஏற்றும் டாடா இன்ட்ரா வி30 இரண்டும் பின்னால் ஏற்றிப் போகிறவர்களுக்கு அருமையான வண்டிகள். ஆனால் எனக்கு ஆட்கள் உட்கார இடம் வேண்டும். இசுசு வி-கிராஸ் ஓட்டிப் பார்த்தேன், நெடுஞ்சாலையில் கார் மாதிரியே இருந்தது, விலை எட்டவில்லை. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-ல்தான் வந்தது, அப்போது ஆரம்ப விலையே 33.99 லட்சம். வாடகைத் தொழிலுக்கு அந்தக் காசு திரும்பி வராது.

கடைசியில் எடுத்தது மகிந்திரா பொலேரோ கேம்பர். இரட்டை கேபின், ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் ஒரு டன் ஏற்றலாம். 2523 சிசி, 75 குதிரைத்திறன். முக்கியமானது 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கும் இழுவை. குட்டி யானைக்கு அது 38. காலியாகவே ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருப்பதால் டிரெய்லர் வண்டியை ஆட்டிவைக்க முடியாது. இதுவரை 78,000 கிலோமீட்டர் ஆகிறது.

இழுப்பதற்கு இந்த வண்டி சரி. ஆனால் வண்டி மட்டும் பெரிதானால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் வண்டிகளுக்கு டிரெய்லரில் தனி பிரேக் இருந்தால் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்றும், இல்லாவிட்டால் வெறும் 750 கிலோ என்றும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வண்டிக்கே 750-தான்! அதைப் பார்த்த பிறகு எங்கள் டிரெய்லரில் ஓவர்ரன் பிரேக் பொருத்தினோம். முன்னால் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் கொக்கியை நோக்கித் தள்ளும் இல்லையா, அந்தத் தள்ளுதலே டிரெய்லரின் பிரேக்கை அழுத்திவிடும். கூடவே ஜெனரேட்டரை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 115 கிலோ, கொக்கியில் விழும்படி வைத்தோம். பின்பாரமாக இருந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். கொக்கி வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இருக்க வேண்டும், பம்பரில் அல்ல. பாதுகாப்புச் சங்கிலி இரண்டு. டிரெய்லருக்கும் பதிவு வேண்டும், பின்விளக்கு எரிய வேண்டும். ஷோரூமில் இந்த வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை இன்சூரன்ஸ்காரரிடம் செல்லாது.

தினசரி வேலைக்குப் போவதற்கு இதே வண்டி எப்படி? இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். சேரும் கரியை எரிக்க, புகை 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அல்சூரிலிருந்து சில்க் போர்டு சந்திப்பு வரை முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஊர்ந்து போனால் அந்தச் சூடு எங்கே வரும்? மூன்றாம் மாதம் மீட்டரில் விளக்கு எரிந்தது. இது எந்த ஒரு கம்பெனியின் குறையும் இல்லை, நான் ஓட்டிய விதம் அப்படி. எரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இன்ஜினை அணைத்துப் பழகினால், கரியை எரிக்க அதிகமாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலோடு கலந்து ஆயில் மட்டமே உயரும். அதனால் வாரம் ஒரு முறை ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பாருங்கள், குறைகிறதா என்று மட்டுமல்ல, கூடுகிறதா என்றும். எனக்கு வழி காட்டியது எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம். சில்க் போர்டு தாண்டிய அந்தப் பத்து கிலோமீட்டரில் ஒரு கியர் குறைத்து, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் சீராக வைத்து ஓட்ட ஆரம்பித்தேன். பிறகு விளக்கு எரியவில்லை.

செலவுக் கணக்கு இப்படி. போக வர 52 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,300 கிலோமீட்டர். நகருக்குள் கேம்பர் எனக்குக் கொடுப்பது லிட்டருக்கு 11 கிலோமீட்டர். 2025 ஏப்ரலில் கர்நாடகம் விற்பனை வரியை ஏற்றியதும் டீசல் 91 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஆக மாதம் 10,750 ரூபாய். குட்டி யானையாக இருந்தால் 7,000-க்குள் முடிந்திருக்கும். இதோடு மஞ்சள் போர்டுக்கான, அதாவது வாடகை வண்டியாகப் பதிவு செய்ததற்கான செலவும் உண்டு. 2022-ல் அறிவித்த கட்டணப்படி 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 16,049 ரூபாய், வரி தனி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), அதற்குப் பிறகு வருடா வருடம். நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிக்குத் தடையுள்ள சாலைகளில் போலீஸ் கை காட்டினால், பின்னால் காலிதான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு நிம்மதி, 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியைச் சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

காலியாக ஓட்டும்போது பின்பக்கம் குதிக்கும். பட்டை ஸ்பிரிங் போட்ட எந்தச் சரக்கு வண்டியும் அப்படித்தான். நான் 60 கிலோ மணல் மூட்டை ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் முன் இருக்கையில்தான் உட்கார வைப்பேன்.

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்தார்கள். அல்சூரில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஆர்.வி. ரோட்டில் இன்னொரு முறை மாறினால் வேலைக்குப் போய்விடலாம். அப்போது அதிகபட்சக் கட்டணமே 90 ரூபாய். ஆரம்பத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான், காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் செப்டம்பரிலிருந்து கேம்பரை வேலைக்கு எடுப்பதில்லை. மாத டீசல் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். வண்டி நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் போவதால் டிபிஎஃப் பற்றிய கவலையும் விட்டது.

அதனால் இப்போது யாராவது கேட்டால் முதலில் அவர்கள் வேலைக்குப் போகும் வழியைத்தான் கேட்கிறேன். மெட்ரோவோ பஸ்ஸோ இருந்தால், இழுக்கும் எடையை மட்டும் பார்த்துப் பெரிய வண்டியே வாங்கட்டும். இரண்டுக்கும் அதே வண்டிதான், இழுப்பது 500, 600 கிலோதான் என்றால் டிரெய்லரே வேண்டாம், குட்டி யானை வகையில் ஒன்றை வாங்கி முதுகிலேயே ஏற்றட்டும். எங்கள் பழைய குட்டி யானை மச்சானிடம்தான் இருக்கிறது. கேம்பரும் டிரெய்லரும் நுழையாத சந்துக்குள் நாற்காலி, சீரியல் விளக்கு, கேபிள் சுருளெல்லாம் அதில்தான் போகிறது.

இந்த ஆடியிலும் ஊருக்கு ஜெனரேட்டர் கொண்டுபோனோம். தொப்பூர் உச்சியிலேயே மூன்றாவது கியருக்கு வந்து, 30-க்கு மேல் விடாமல் இறக்கினேன். கீழே வரும் வரை பிரேக்கை நான்கு தடவைதான் தொட்டேன். கீழே ஓரமாக நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்தின் மேல் மச்சான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.