மொண்டெவிடியோவில் ஒரு பகல்: பஸ் டூர் வேண்டாம், ஃபைனா சாப்பிடுங்கள்

தென் அமெரிக்கக் கப்பல் பயணத்தில் டூர் வாங்காமலே பார்த்துவிடக்கூடிய ஊர், உருகுவேயின் தலைநகர் மொண்டெவிடியோ. மற்ற பல இடங்களில் இந்த வசதி கிடைக்காது. சிலேயின் சான் அந்தோனியோவில் இறங்கினால் சாந்தியாகோ 100 கிலோமீட்டருக்கு மேல். பெருவின் கய்யாவோவில் இறங்கினால் லிமாவுக்கு வண்டி பிடித்தே ஆக வேண்டும். இங்கே துறைமுக கேட்டைத் தாண்டி ரோட்டைக் கடந்தால் எதிரே பழைய நகரம். மும்பையில் சிஎஸ்எம்டி ஸ்டேஷனிலிருந்து காலா கோடா வரை நடக்கிற தூரத்துக்குள் முக்கியமானதெல்லாம் முடிந்துவிடும். கப்பலில் விற்கும் அரை நாள் பஸ் டூரில் இதே தெருக்களைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பீர்கள். முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் அது சரி.

துறைமுகத்துக்குள்ளேயே ஒரு பெரிய நங்கூரம் வைத்திருக்கிறார்கள். 1939 டிசம்பரில் இந்த ஊர் முகப்பில் தன் கேப்டனாலேயே மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பேயினுடையது அது. கேட்டுக்கு எதிரே மெர்காதோ தெல் புவெர்தோ. 1868-இல் திறந்த சந்தை. இரும்புச் சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை, அதே 1860-களில் நம் காலா கோடாவின் வாட்சன் ஹோட்டலுக்கு வந்தது போல. அங்கிருந்து பெரெஸ் காஸ்தெயானோ தெருவில் ஏறி, சராந்தி தெருவில் இடது பக்கம் திரும்பி நேரே நடந்தால் கதீட்ரல், பழைய கோட்டை வாசல், பிறகு பிளாசா இண்டிபெண்டென்சியா. சதுக்கத்தின் நடுவே குதிரை மீது உருகுவேயின் விடுதலை வீரர் ஆர்த்திகாஸ். அடியில் படியிறங்கினால் அவர் அஸ்தி வைத்த நிலவறை. ஓரத்தில் 1928-இன் பலாசியோ சால்வோ கோபுரம். நின்று பார்த்தாலும் 2 மணி நேரம் தாராளம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். மெர்காதோவில் விறகை எரித்து, விழும் தணலைச் சாய்ந்த கம்பி வலைக்கு அடியில் இழுத்துவிட்டு மாட்டிறைச்சி சுடுகிறார்கள். உள்ளே பத்து நிமிஷம் நின்றால் சட்டையில் புகை ஏறிவிடும். சைவர்களுக்கு அங்கே கிடைப்பது புரொவொலேத்தா என்ற சுட்ட சீஸ், காய்கறி, சாலட். அதுவும் அதே வலையில். கூச்சமாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கேட்க வேண்டியது ஃபைனா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். தண்ணியாகக் கரைத்து ஊறவைத்து, எண்ணெய் காய்ந்த வட்டத் தட்டில் ஊற்றி பீட்சா அடுப்பில் தள்ளுவார்கள். மேலே பொன்னிறத்தில் புள்ளி புள்ளியாகக் கருகியிருக்கும், உள்ளே மெத்து. நம் கடலைமாவு சில்லாவின் தடிமனான அண்ணன். ஆனால் நம் மாவு சிறிய கறுப்புக் கடலையின் பருப்பு, அவர்களுடையது வெள்ளைக் கடலை; அதனால் வாசனை கொஞ்சம் மென்மை. மேலே வெள்ளை மிளகுத்தூளைத் தாராளமாகப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சப்பென்றிருக்கும். மொறுமொறுப்பு வேண்டுமானால் ‘தெ ஒரீயோ’ என்று ஓரத் துண்டு கேளுங்கள். சில கடைகளில் சீஸ் தூவுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடவும். பிளாசாவை ஒட்டிய பார் தசெந்தேயில் தக்காளி இல்லாத, சீஸ் குவித்த ‘அல் தாச்சோ’ பீட்சாவுக்குத் தொட்டுக்கொள்ள இது பிரமாதம்.

‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்களுக்குக் கார்னே என்றால் மாடு. ஹாம், அதாவது பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் தாராளமாக வரும். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று மாடு, ஹாம், கோழி, மீன் நாலையும் சொல்லுங்கள். பேக்கரியில் பார்க்க வெகுளியாக இருக்கும் பிஸ்கோச்சோ என்ற சின்ன பன்களில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். தொடாதீர்கள்.

மெனுவில் டாலர் குறி இருந்தால் அது பெசோ. அமெரிக்க டாலர் என்றால் முன்னால் ‘யு’ சேர்த்துப் போடுவார்கள். ஒரு டாலருக்குச் சுமார் 40 பெசோ. சந்தையில் டாலர் வாங்குவார்கள், ஆனால் விகிதம் அவர்கள் இஷ்டம். சராந்தி பக்கத்து காம்பியோ என்ற பணம் மாற்றும் கடையே மேல். பில்லில் ‘குபியெர்தோ’ என்று தட்டுக்கான கட்டணம் ஏறும், டிப்ஸ் 10 சதவீதம் தனி. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மும்பையிலிருந்து கிளம்புமுன் பேங்க் ஆப்பில் திறந்துவையுங்கள். கடையில் நின்று ஓடிபி-க்குக் காத்திருப்பது அவஸ்தை.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் நின்றால் பழைய நகரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தெரு வெறிச்சோடும். அன்று டாக்ஸியில் திரிஸ்தான் நர்வாஹா வாரச்சந்தைக்குப் போய்விடுங்கள், அது காலையில்தான். பழைய நகரத்தில் மாலை மங்கிய பிறகு சுற்ற வேண்டாம். திரும்ப வேண்டிய நேரம் கப்பல் கிளம்பும் நேரமல்ல, அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால். கப்பலில் வாங்கிய டூரின் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள், தனியாகப் போனவருக்கு மாட்டார்கள். வீட்டுக்கு போன் பண்ண: அங்கே காலை 9 என்றால் மும்பையில் மாலை 5.30.

ஊருக்கு ஐந்துக்கு நாலரை, சைவச் சாப்பாட்டுக்கு மூன்று. அதே பயணத்தில் பிரேசிலும் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் கிளம்பாதீர்கள். அங்கிருந்து 6 நாளுக்குள் அது இல்லாமல் மும்பையில் இறங்கினால் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். 60 தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு அபாயம் கூடுதல், ஆகவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.