தளம் போடும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்

எர்ணாவூர், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு கட்டப்போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எர்ணாவூரில் அப்பா விட்டுப்போன 600 சதுர அடி மனையில் வீடு கட்டினோம். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டோம். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் கலவைக்கு லாரித் தண்ணீர்தான் என்று முதலிலேயே பேசி, தனியாகப் பணமும் கொடுத்தோம். தளம் போட்ட அன்று நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டோம். அங்கேதான் ஏமாந்தோம்.

குடிவந்த இரண்டாவது மழைக்காலத்தில் படுக்கையறைக் கூரையில் பழுப்புக் கோடுகள் ஓடின. ஓதம் என்று நினைத்துப் பெயின்ட் அடித்தோம். ஒருநாள் விடியற்காலையில் தாம்பாளம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்த தொட்டில் ஓரடி தள்ளித்தான் இருந்தது.

பொறியாளர் வந்து சுத்தியலால் தட்டினார். பாதிக் கூரை பொள்ளென்று ஒலித்தது. வெளியே தெரிந்த கம்பியை நகத்தால் சுரண்டினேன். துரு ஏடு ஏடாக உரிந்தது. கம்பியைப் பலகையிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டைகளான கவர் பிளாக்கை அடியில் வைக்காமல் பலகைமேலேயே கம்பியைக் கிடத்திக் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் உள்ள குளோரைடு கம்பியை அரிக்கும், துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும் என்றார். கம்பி போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 விதி.

எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "அன்றைக்கு லாரியே வரவில்லையே அம்மா, உங்கள் மோட்டார்தான் நாள் முழுக்க ஓடியது" என்றார். லாரிக்கு நாங்கள் பணம் கொடுத்த மூன்று ரசீதுகள் என் கையில் இருக்கின்றன. கான்ட்ராக்டரோ, கடலோரத்தில் எல்லா வீடும் இப்படித்தான் என்று போனை வைத்துவிட்டார்.

எந்தத் தண்ணீர் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். தளம் போடும் நாளில் லீவு எடுத்தாவது பக்கத்தில் நின்று லாரி நம்பரைக் குறியுங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பிக்கு அடியில் விரலை விட்டு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் மனு கொடுத்துவிட்டோம்.

படுக்கையறையில் இப்போது இரும்பு முட்டுகள் நிற்கின்றன. அதே ஆள் இரண்டு தெரு தள்ளி ஒரு தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று அந்த வீட்டுக்காரரைப் பார்த்து மூன்று ரசீதுகளையும் காட்டிவிட்டு வந்தேன்.