ரெடிமேட் போர்டோ பேஸ்ட் – ஆப்பிள் மரத்துப் பட்டைப் புண்ணுக்குப் பூசிப் பாத்ததுல

மறையூர் பக்கம் உரக்கடைகள்ல இப்போ நீலக் கலர்ல போர்டோ பேஸ்ட், அதாவது மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த பூச்சு, டப்பாவுல விக்கிறாங்க, சுண்ணாம்பு ஊறப்போட வேணாம் தண்ணி அளக்க வேணாம், மூடியத் திறந்து ப்ரஷ்ல தொட்டு அப்படியே பூசலாம். காந்தல்லூர்ல ஆப்பிள் வச்சிருக்கவங்க நிறைய பேர் இது நல்லாருக்கான்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இது உள்ள போன நோயக் குணமாக்குற மருந்து இல்ல, வெட்டுன இடத்துல பூசணம் ஏறாம இருக்கப் போடுற மூடி. டப்பாவுல "பட்டை நோய் குணமாகும்"னு பெருசா போட்டிருக்கான், அது சரியில்ல. கேங்கர்னு சொல்ற பட்டைப் புண்ண உண்டாக்குற பூசணம் பட்டைக்கு உள்ள போயி உக்காந்துக்கும். மேல பாத்தா சின்னதா குழிஞ்சு, ஓரம் வெடிச்சு, வளையத்துக்குள்ள வளையமா இருக்கும், கத்திய வச்சு லேசா சீவுனா உள்ள பச்சை இருக்க வேண்டிய இடத்துல காப்பித்தூள் கலர்ல இருக்கும். அந்தப் பழுப்பு முடிஞ்சு சுத்தப் பச்சை தெரியுற வரைக்கும் செதுக்கி எடுத்துட்டுத்தான் பூசணும், கொப்பு சின்னதுன்னா புண்ணுக்கு நல்லா கீழ தள்ளி அறுத்து எறிஞ்சிரணும். புண்ணு மேலயே பூசுனா உள்ள அது பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கும்.

இதப் பத்தி அதிகமா ஆராய்ச்சி நடந்தது குளிரும் மழையும் உள்ள நாடுகள்லதான், இங்கிலாந்துல ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம், அப்புறம் நியூசிலாந்து. அவங்க பாக்குறது நியோநெக்ட்ரியா டிட்டிசிமாங்கிற பூசணம். அது தானா பட்டையத் துளைச்சிட்டுப் போகாது, காயம் வேணும். இலை உதிர்ந்த தழும்பு, கவாத்து வெட்டு, பழம் பறிச்ச இடம், இதெல்லாம்தான் அதுக்கு வாசல். பழத்தையும் விடாது, பூ இருந்த குழிப் பக்கம் அழுகல் ஆரம்பிக்கும், சிலது மரத்துல நல்லாருந்துட்டு குடோன்ல வச்சப்புறம்தான் தெரியும். இதவிட பயமானது என்னன்னா நர்சரிலயே நாத்துக்குள்ள ஏறி வெளிய ஒண்ணுமே தெரியாம வருஷக்கணக்குல இருக்கும்னு அங்க கண்டுபிடிச்சிருக்காங்க. ஹிமாச்சல்ல இருந்து பார்சல்ல நாத்து எடுக்குறவங்க ஒட்டுப் போட்ட இடத்த நல்லா பாருங்க, நட்டப்புறமும் ரெண்டு மூணு வருஷம் கண்ணு வச்சுக்கங்க. நியூசிலாந்து ஆப்பிள உள்ள விடமாட்டேன்னு ஆஸ்திரேலியா நின்னதுல இந்த நோயும் ஒரு காரணம், கேஸ் உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் போயி 2010-லதான் தீர்ப்பு வந்துச்சு. ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியாவுல ஸ்ப்ரேட்டன்ங்கிற ஊர்ல 1954-ல புகுந்தத 1991-லதான் ஒழிச்சு முடிச்சாங்க.

நம்ம மலையில வர்ற எல்லாப் புண்ணும் அதுதான்னு நான் சொல்லல. மழைக்காலத்துல கொப்பு மேல ரோஸ் கலர்ல ஒட்டிப் படருதே, ரப்பர்லயும் வரும், அது பிங்க் நோய். வெயில்லயும் வறட்சியிலயும் வாடுன மரத்துல ஏறுறது போட்ரியோஸ்பேரியாங்கிற இன்னொரு பூசணம், அதுவும் பட்டையையும் பழத்தையும் சேத்துக் கெடுக்கும். லேப்ல வச்சுப் பாத்தாத்தான் எதுன்னு உறுதியா தெரியும். ஆனா மூணுக்கும் வெட்டி எடுத்து காப்பர் பூசுறதுதான் மொத வேலை, அதனாலதான் இந்த டப்பாவுக்கு இவ்வளவு பேச்சு.

சரி, பேஸ்ட் எப்படி? பதம் ரொம்ப நல்லாருக்கு, தயிர் மாதிரி கெட்டியா இருக்கு, நிமிந்த தண்டுல பூசுனாலும் வழியல. வீட்டுல கலக்குறது ஓரத்துல காஞ்சு செதில் செதிலா உதிரும், இது வெடிப்புக்குள்ளயும் இறங்கி ஒட்டிக்குது. காஞ்சப்புறம் சாரல் மழைக்குத் தாங்குது, பூசின அன்னைக்கே பெருமழை வந்தா கரைஞ்சிரும், மறுபடி பூசணும். எனக்குப் பிடிக்காதது லேபிள். காப்பர் எத்தனை சதவீதம்னு தேடித்தான் பாக்க வேண்டியிருக்கு, விவசாயி மொதல்ல பாக்குறதே அதத்தான், அத இத்துனூண்டு எழுத்துல போடலாமா? விலையும் ஜாஸ்தி.

பத்து மரத்துக்கு மேல இருந்தா நீங்களே கலக்குங்க. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, மொத்தம் பத்து லிட்டர் தண்ணி. ரெண்டையும் தனித்தனியா ப்ளாஸ்டிக் வாளியிலயோ மண்பானையிலயோ கரைச்சு, துத்தத் தண்ணிய சுண்ணாம்புல ஊத்திக் கிண்டணும், இரும்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். தேய்ச்சுப் பளபளன்னு வச்ச அருவாள கொஞ்ச நேரம் முக்கி எடுங்க, செம்பு கலர் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, இன்னும் கொஞ்சம் போடுங்க. அன்னைக்குக் கலக்குனத அன்னைக்கே தீத்துரணும். மிளகுக்கு போர்டோ அடிச்சுப் பழகுன நம்ம ஆளுகளுக்கு இது பெரிய வேலையே இல்ல. வடக்க சௌபட்டியா பேஸ்ட்னு ஒண்ணு உண்டு, உத்தராகண்ட் சௌபட்டியா பழ ஆராய்ச்சி நிலையத்துல உருவானது, காப்பர் கார்பனேட்டும் செந்தூரமும் ஆளி விதை எண்ணெயில குழைக்கிறது. இந்தச் செந்தூரம் ஈயத்துல செஞ்சது, குழந்தைங்களும் ஆடுமாடும் நடமாடுற தோட்டத்துக்கு அது வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

எப்ப பூசுறோம்ங்கிறதுதான் ரொம்ப முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழையில கவாத்து பண்ணாதீங்க, ஈரத்துலதான் பூசணம் தெறிச்சுப் பரவும். மழை ஓஞ்சு வெயில் அடிக்கிற நாளாப் பாத்து வெட்டி, வெட்டுன கையோட பூசிருங்க. பூக்க வைக்கன்னு இலைய உருவி விடுறவங்க மழை நாள்ல உருவாதீங்க, ஒவ்வொரு தழும்பும் புதுக் காயம். ஒரு மரம் முடிஞ்சு அடுத்த மரம் போறதுக்குள்ள ரம்பத்த ஸ்பிரிட்ல துடைங்க, வெட்டுன கொப்ப மரத்தடியில போடாம எரிச்சிருங்க. பிஞ்சு வந்தப்புறம் காப்பர் ஸ்ப்ரே அடிச்சா பழத்தோல் சொரசொரன்னு ஆயிரும், தண்டுல பூசுறதோட நிறுத்திக்கங்க.

வீட்டுப் பக்கம் நாலஞ்சு மரம் வச்சிருக்கவங்க தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு மூணரை குடுக்குறேன். சின்ன டப்பாவே போதும், பெருசு வாங்குனா திறந்தப்புறம் மேல காஞ்சு தோல் கட்டிருது. கையுறை போட்டுக்கங்க, நகத்துல ஏறுன நீலம் லேசுல போகாது.