லடாக்கா, ஸ்பிதியா: ஒரு விடுமுறைக்கு ஒன்றுதான் என்றால்

லடாக், இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி இரண்டும் மழை எட்டிப் பார்க்காத, பௌத்தம் வேரூன்றிய இமயப் பள்ளத்தாக்குகள். புகைப்படத்தில் பார்த்தால் எது எதுவென்று சொல்வது கடினம். வேறுபாடு முதலில் தெரிவது போகும் வழியில்தான். தில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லடாக்கின் முக்கிய நகரமான லே வந்துவிடும். ஆனால் 3,500 மீட்டர் உயரத்தில் திடீரென்று இறக்கிவிடப்பட்ட உடம்பு அதற்குப் பழக, முதல் இரண்டு நாட்கள் விடுதி அறையிலேயே ஓய்வெடுத்தாக வேண்டும். ஸ்பிதிக்கு விமானம் கிடையாது. சிம்லாவில் தொடங்கி, சட்லெஜ் ஆற்றை ஒட்டிக் கின்னௌர் வழியாக, கல்பா, நாக்கோ, தாபோ என்று ஊர் ஊராகத் தங்கிப் போனால் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவை அடைய மூன்று நான்கு நாட்கள் ஆகும்; அதற்குள் உயரம் தானாகவே பழகிவிடும். செலவாகும் நாட்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தலைவலியோடு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதா, சன்னலோரம் அமர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு போவதா என்பதே கேள்வி.

குன்றின்மேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் மடாலயங்களில் இரு பக்கமும் குறையில்லை. லடாக்கில் திக்சே என்றால் ஸ்பிதியில் கீ. திக்சேயில் வருங்காலப் புத்தரான மைத்ரேயருக்கு இரண்டு மாடி உயரச் சிலை உண்டு. கீ மடாலயத்தின் முற்றத்திலிருந்து ஸ்பிதி ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடுவது தெரியும்.

உண்மையான போட்டி லடாக்கின் ஆல்ச்சி மடாலயத்துக்கும் ஸ்பிதியின் தாபோ மடாலயத்துக்கும் இடையில்தான். இரண்டுமே குன்றில் அல்லாமல் சமதரையில், வெளியே பார்த்தால் தானியக் கிடங்கோ என்று நினைக்கும்படி இருப்பவை. லேயிலிருந்து மேற்கே ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில், சிந்து நதிக்கரையில் இருக்கும் ஆல்ச்சியின் சும்ட்செக் என்னும் மூன்றடுக்குக் கோயிலில் புத்தநிலையை நோக்கிச் செல்பவர்களான போதிசத்துவர்கள் மூவர், பெரிய சிலைகளாக நிற்கிறார்கள். கீழ்த்தளத்தில் நின்றால் கால்களும் இடுப்பும்தான் தெரியும், தலை மேல்தளத்தில் இருக்கும். அவர்கள் உடுத்தியிருக்கும் வேட்டிகளைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். அவலோகிதேசுவரரின் வேட்டியில் காஷ்மீரத்து மாளிகைகளும் கோயில்களும், மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கைக் காட்சிகளும், மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் பௌத்தச் சித்தர்களும் விரலளவு உருவங்களாகத் தீட்டப்பட்டிருக்கின்றன.

தாபோ 996இல் நிறுவப்பட்டது. தடித்த மண்சுவர்களுக்குள் நுழைந்ததும் சில நிமிடங்களுக்கு ஒன்றும் தெரியாது. கண் இருளுக்குப் பழகியபின், சுவரின் நடு உயரத்தில் அந்தரத்தில் அமர்ந்திருப்பதுபோல் முப்பதுக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனாலேயே அங்கே எல்லாரும் உண்மையிலேயே பார்க்கிறார்கள். நுணுக்கத்தில் ஆல்ச்சி மேல். ஆனால் ஆல்ச்சி இன்று பெரும்பாலும் காட்சிக்கூடம்போல் ஆகிவிட்டது. தாபோவிலோ துறவிகள் வாழ்ந்து வழிபடுகிறார்கள். என் வாக்கு தாபோவுக்கே.

ஏரிகளில் லடாக்கின் பாங்காங் தன் அளவால் வெல்லும்: சுமார் 134 கி.மீ. நீளம், உப்பு நீர், பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் சீனாவின் பக்கம். ஓர் இந்திப் படத்துக்குப் பின் அதன் கரை திருவிழாத் திடலாகிவிட்டது. ஸ்பிதிப் பக்கத்துப் பிறைவடிவச் சந்திரதால் ஏரி அதோடு ஒப்பிட்டால் குளம்தான். ஆனால் கடைசிப் பகுதியை நடந்தே கடக்க வேண்டும் என்பதும், கூடாரங்கள் கரையிலிருந்து தள்ளியே போடப்படுகின்றன என்பதும் அதைக் காப்பாற்றியிருக்கின்றன. ஸ்பிதியின் லாங்சா கிராமத்தில் கிடைக்கும் சுருள்சிப்பிப் புதைபடிவங்கள், இந்த மலையே ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்குச் சான்று. சிறுவர்கள் விற்க வந்தாலும் வாங்காமல் வருவதே முறை.

ஒரு வாரமே விடுப்பு உள்ளவர்களும், பெரிய மருத்துவமனை அருகில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் லேயைத் தேர்வு செய்வதே சரி. பத்து நாட்கள் கிடைத்தால் ஸ்பிதி, அதுவும் செப்டம்பரில். மணாலிப் பாதையில் உள்ள, குளிர்காலத்தில் மூடப்படும் குன்சும் கணவாய் அப்போது திறந்திருக்கும் என்பதால், சிம்லா வழியே போய்ச் சந்திரதாலைப் பார்த்துவிட்டு மணாலி வழியே இறங்கலாம்.